களமும் பத்தாயமும்: ரேம் வேறு, சேமிப்பு வேறு

எங்கள் வீட்டில் இதுவரை ஐந்து கம்ப்யூட்டர்கள் இருந்திருக்கின்றன. முதலாவது 1986-ல் வந்தது. ஐந்தாவதில்தான் இப்போது இதைத் தட்டச்சு செய்கிறேன். வீடு மட்டும் அதே வீடு. மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணி ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலை ஒட்டித் தாத்தா கட்டிய ஓட்டு வீடு.

போன மாதம் அடுத்த வீட்டுப் பெண் ஒரு கடை விளம்பரத் தாளோடு வந்தாள். கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள், லேப்டாப் வாங்க வேண்டும். "பெரியப்பா, இதுல 8 ஜிபின்னு ஒண்ணு போட்டிருக்கு, பக்கத்துலயே 512 ஜிபின்னு ஒண்ணு போட்டிருக்கு. கேட்டா ரெண்டுமே மெமரிதான்னு சொல்றாங்க. ஒரே பொருளுக்கு எப்படி ரெண்டு கணக்கு?" என்றாள்.

கேட்க வேண்டிய கேள்விதான். முதலாவது ரேம், இரண்டாவது சேமிப்பு. இரண்டையும் 'மெமரி' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அதனால் பலர் ஒன்றுக்குப் போட வேண்டிய பணத்தை இன்னொன்றுக்குப் போட்டுவிடுகிறார்கள். அவளைத் திண்ணையில் உட்காரவைத்து, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களின் கதையை வரிசையாகச் சொன்னேன். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதல் மெஷின், முதல் மழை

1986-ல் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த மாமா, தான் வைத்திருந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் ஒன்றை எனக்குக் கொடுத்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கறுப்புப் பெட்டி, ரப்பர் பொத்தான்கள், ஒரு பெரிய நோட்டுப் புத்தக அளவு. அதற்கென்று தனித் திரை கிடையாது, டிவியில்தான் மாட்ட வேண்டும். மாமா கொண்டுவந்த சின்னக் கலர் டிவி அதற்கும் உதவியது. உள்ளே இருந்த ரேம் 48 கேபி.

கேபி என்றால் என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கலத்துக்கு 12 மரக்கால் என்பது போல, ஒரு கேபிக்கு 1,024 பைட். அப்படியே 1,024 கேபி சேர்ந்தால் ஒரு எம்பி, 1,024 எம்பி சேர்ந்தால் ஒரு ஜிபி. இன்றைய யூனிகோட் முறையில் 'தஞ்சாவூர்' என்று எழுத 27 பைட் ஆகும். த, ஞ, புள்ளி, ச, கால், வ, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அந்தக் கணக்கில் ஸ்பெக்ட்ரமின் 48 கேபியில் 'தஞ்சாவூர்' என்பதை 1,820 முறை எழுதினால் இடம் தீர்ந்தது. இன்றைக்கு 8 ஜிபி ரேமில் 31 கோடி முறைக்கு மேல் எழுதலாம்.

அப்பாவுக்காக ஒரு சின்ன புரோகிராம் எழுத ஆசைப்பட்டேன். கலம் எத்தனை, மரக்கால் எத்தனை என்று தட்டினால் கிலோவில் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்து மத்தியானம் வரை, நூறு வரிக்கும் மேல் தட்டினேன். ஓடியது. அப்பாவைக் கூப்பிட எழுந்தபோது கரண்ட் போனது. பத்து நிமிடத்தில் வந்துவிட்டது, ஆனால் திரையில் அதைத் தயாரித்த சின்க்ளேர் கம்பெனியின் பெயரும் 1982 என்ற வருஷமும் மட்டும் இருந்தன. காலையில் தட்டியதில் ஒரு வரி கூட இல்லை.

அழுதேன். அப்பாவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி எதுவும் தெரியாது. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "களத்துல நெல்லப் போட்டுட்டு, தார்ப்பா கூட மூடாம சாப்பிடப் போனா மழை சும்மா விடுமாடா? பத்தாயத்துல கொட்ட வேணாமா?"

இந்தப் பொருளுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை எங்கும் படித்ததில்லை. அடிப்பது, தூற்றுவது, காயவைப்பது, அளப்பது எல்லாம் களத்தில் நடக்கும். பத்தாயத்துக்குள் எந்த வேலையும் நடக்காது. அங்கே நெல் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான். ஏதாவது செய்ய வேண்டுமென்றால் வெளியே எடுத்துக் களத்தில் பரப்ப வேண்டும். கம்ப்யூட்டரில் களம் என்பது ரேம். பத்தாயம் என்பது சேமிப்பு: ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவ், அந்தக் காலத்தில் கேசட். வேலை செய்கிற ஆள் பிராசஸர். ஒரு கோப்பைத் 'திறப்பது' என்றால் பத்தாயத்திலிருந்து களத்துக்குக் கொண்டுவருவது. 'சேவ்' செய்வது என்றால் களத்திலிருந்து பத்தாயத்துக்குத் திரும்பக் கொட்டுவது. கரண்ட் போவதுதான் மழை.

அப்படியானால் கரண்ட் வந்ததும் அந்த 1982 வரி எங்கிருந்து வந்தது? ஸ்பெக்ட்ரமுக்குள் 16 கேபி ரோம் என்று இன்னொன்று இருந்தது. தொழிற்சாலையிலேயே எழுதி அனுப்பியது, மாற்ற முடியாது, கரண்ட் போனாலும் அழியாது. நான் புரோகிராம் எழுதிய பேசிக் மொழி முழுவதும் அதற்குள்தான் இருந்தது. விதைநெல் மாதிரி. வீட்டில் என்ன கஷ்டம் வந்தாலும் அதை எடுத்துச் சமைக்க மாட்டோம்.

ஸ்பெக்ட்ரமுக்குப் பத்தாயம் எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டர்தான். அப்பா நாதஸ்வரம் கேட்கிற அதே டேப் ரெக்கார்டர். சேவ் கொடுத்தால் புரோகிராம் ஒரு கிரீச் சத்தமாக மாறிக் கேசட்டில் பதியும். திரும்ப எடுக்கக் கேசட்டை ஓடவிட வேண்டும். முழு 48 கேபி என்றால் ஐந்து நிமிடம் வரை ஆகும். அந்த நேரம் முழுக்கத் திரையின் ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடும்.

அந்த ஐந்து நிமிடத்தில் வேறெங்கும் பார்க்க முடியாத ஒரு காட்சி கிடைக்கும். ஸ்பெக்ட்ரமின் ரேமில் 6,912 பைட் திரைக்கென்று ஒதுக்கியது. அந்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் டிவியில் தெரியும். விளையாட்டுக் கேசட்டுகள் பெரும்பாலும் அந்த இடத்துக்கான படத்தைத்தான் முதலில் அனுப்பும். அதனால் கேசட் ஓட ஓடத் திரையில் படம் கோடு கோடாக நிரம்பி வரும். முதலில் மேல் மூன்றில் ஒரு பங்கு, பிறகு நடு, பிறகு கீழ். எல்லாம் கறுப்பு வெள்ளையில் வந்து முடிந்த பிறகு கடைசியாக நிறம் ஏறும். பத்தாயத்திலிருந்து நெல் களத்தில் விழுவதைக் கண்ணால் பார்ப்பது போல. இன்றைய மெஷின்களிலும் இதே வேலைதான் நடக்கிறது. வேகத்தில் நமக்குத் தெரிவதில்லை.

ரேம் ஏன் மறந்துபோகிறது?

அந்தப் பெண் இந்த இடத்தில் நிறுத்திக் கேட்டாள்: "அழியாத மாதிரியே ரேமையும் செஞ்சிருக்கலாமே?"

ரேமின் உள்ளமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். நாம் கம்ப்யூட்டர்களில் பயன்படுத்தும் ரேமில் ஒவ்வொரு பிட்டுக்கும் (ஒரு பைட்டுக்கு எட்டு பிட்) ஒரு மிகச் சிறிய மின்தேக்கியும், அதைத் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டரும் உண்டு. ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த ராபர்ட் டெனார்ட் இந்த அமைப்புக்கு 1968-ல் காப்புரிமை பெற்றார். மின்தேக்கியை ஒரு குட்டிக் குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரம்பியிருந்தால் ஒன்று, காலியாக இருந்தால் பூஜ்யம். ஆனால் அது ஓட்டைக் குடம், ஊற்றியது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு குடத்தையும் எட்டிப் பார்த்து, நிரம்பியிருந்ததை மறுபடி நிரப்ப வேண்டும். சாதாரணமாக 64 மில்லி விநாடிக்குள் எல்லாக் குடத்தையும் ஒரு சுற்று பார்த்தாக வேண்டும். அதாவது ஒரு விநாடிக்குப் பதினைந்து சுற்றுக்கு மேல். 8 ஜிபி ரேமில் குடங்கள் 6,800 கோடிக்கும் அதிகம்.

கரண்ட் நின்றால் நிரப்ப ஆள் இல்லை, எல்லாம் வடிந்துவிடுகிறது. இவ்வளவு சிரமப்பட்டும் இதை வைத்திருப்பதற்குக் காரணம் வேகம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

களம் போதாதபோது

இரண்டாவது கம்ப்யூட்டர் 1995-ல் வந்தது. 486 பிராசஸர், ரேம் 4 எம்பி, ஹார்ட் டிஸ்க் 420 எம்பி, விண்டோஸ் 3.1. அதில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அச்சுக் கோக்கும் வேலை செய்தேன். முகூர்த்த மாதங்களில் நல்ல வேலை வரும்.

ஒரு பத்திரிகையைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளையார் படத்தை இன்னொரு மென்பொருளில் திறந்தால் மெஷின் திணறும். ஹார்ட் டிஸ்க் 'கர்கர்' என்று அரைக்கும், சின்ன விளக்கு விடாமல் மின்னும், மவுஸ் அம்புக்குறி உறைந்து நிற்கும். டிஸ்க் நிரம்பிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய கோப்புகளை அழித்துப் பார்த்தேன். 200 எம்பி காலியான பிறகும் அதே திணறல்.

அந்த வேலைக்கு 4 எம்பி ரேம் போதவில்லை, அவ்வளவுதான். களம் நிரம்பிய பிறகும் நெல் வந்தால் என்ன செய்வோம்? இப்போதைக்குத் தொடாத குவியலை மூட்டை கட்டி உள்ளே தூக்கி வைப்போம், அது வேண்டும்போது வேறொன்றை உள்ளே வைத்துவிட்டு இதை வெளியே எடுப்போம். விண்டோஸும் அதைத்தான் செய்தது. ரேமில் இடம் போதாதபோது, அதில் ஒரு பகுதியை ஹார்ட் டிஸ்கில் ஒதுக்கிய இடத்தில் தற்காலிகமாக எழுதிவைக்கும். வேண்டும்போது திரும்ப எடுக்கும். இதற்கு விர்ச்சுவல் மெமரி என்று பெயர். வேலை நிற்காமல் நடக்கும் என்பது இதன் நன்மை. ஆனால் அளவு மீறினால் ஆட்கள் மூட்டை தூக்குவதிலேயே பொழுது போய்விடும், தூற்றுவதற்கு ஆள் இருக்காது. அந்தக் 'கர்கர்' சத்தம் மூட்டை தூக்குகிற சத்தம்தான்.

தாளடி அறுத்த பணத்தில் இன்னொரு 4 எம்பி வாங்கிச் செருகினோம். டிஸ்கை மாற்றவில்லை, பிராசஸரை மாற்றவில்லை. திணறல் நின்றது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். இன்றைய ஃபோன் விளம்பரங்களில் '8 ஜிபி + 8 ஜிபி ரேம்' என்று பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டாவது 8 ஜிபி நிஜமான ரேம் கிடையாது. ஃபோனின் சேமிப்பிலிருந்து ஒதுக்கிய இடம். அதே மூட்டை தூக்கும் வேலைதான். ஃபோன் வாங்கும்போது கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கிற எண்ணை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்தாயத்திலும் எலி புகும்

மூன்றாவது 2001-ல் வாங்கியது. பென்டியம் III, 128 எம்பி ரேம், 20 ஜிபி ஹார்ட் டிஸ்க், கூடவே ஒரு யுபிஎஸ். யுபிஎஸ் அப்பா சொன்ன தார்ப்பாய். மழையை நிறுத்தாது, பத்து நிமிடம் தாங்கும், அதற்குள் களத்தில் இருப்பதை உள்ளே கொட்டிவிட வேண்டும். அதை வாங்கிய பிறகு கரண்ட் போய் நான் எதையும் இழக்கவில்லை.

ஆனால் 2005-ல் டிஸ்கே போனது. திருக்கடையூரில் நடந்த அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துப் படங்கள் முழுக்க அதில்தான் இருந்தன. ஒரு நாள் காலை ஆன் செய்தால் 'டக், டக்' என்று ஒரு சத்தம், அத்துடன் சரி. ஹார்ட் டிஸ்குக்குள் காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றும். அதன்மேல் மயிரிழையைவிடக் குறைந்த இடைவெளியில் ஒரு முனை மிதந்தபடி படிக்கும், எழுதும். ஓடுகிற எந்தப் பொருளும் ஒரு நாள் தேயும். அந்தப் படங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அப்பா இப்போது இல்லை. அந்த நாளின் நினைவாகப் புகைப்படக்காரர் அச்சிட்டுக் கொடுத்த நான்கு படங்கள் மட்டும் இருக்கின்றன.

கரண்ட் போனாலும் அழியாதது என்பதால் சேமிப்பு என்றைக்கும் அழியாதது என்று ஆகாது. முக்கியமானதை இரண்டு இடத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே மெஷினுக்குள் இருந்தால் கணக்கில் சேராது.

கஜா வந்த வாரம்

நான்காவது 2010-ல் வாங்கிய லேப்டாப். 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் யுபிஎஸ் தேவையில்லை. 2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்த பிறகு எங்கள் தெருவிலும் பல வீட்டுக்கு லேப்டாப் வந்தது. 2012-ல் பகலும் இரவும் மணிக்கணக்கில் கரண்ட் இல்லாதபோது, இருட்டுத் திண்ணைகளில் பிள்ளைகளின் முகத்தில் மட்டும் அந்த வெளிச்சம் இருக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் தென்னை அப்படியே சாய்ந்தது. மின்கம்பங்கள் வயலில் கிடந்தன. மூன்று வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், யாருக்கு எத்தனை மரம் விழுந்தது, எத்தனை ஓடு போனது என்று கேட்டு, நிவாரண மனுவுக்காக நோட்பேடில் தட்டினேன். நாற்பது வீடு. இருட்டியதும் பேட்டரியை மிச்சப்படுத்த மூடியைச் சாத்தி வைத்தேன். காலையில் திறந்தால் லேப்டாப் உயிரில்லாமல் இருந்தது. பிறகு ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டில் சார்ஜ் ஏற்றித் திறந்தபோது பழைய கோப்புகள் எல்லாம் இருந்தன, அந்தப் பட்டியல் மட்டும் இல்லை. களைப்பில் சேவ் கொடுக்காமல் விட்டிருந்தேன். அவர்கள் மரங்களை இரண்டாம் முறை எண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் கூட முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

நடந்தது இதுதான். மூடியைச் சாத்தினால் லேப்டாப் 'ஸ்லீப்' நிலைக்குப் போகும். மற்ற எல்லாம் ஓய்ந்துவிடும். ரேமின் குடங்களை நிரப்புவதற்கு மட்டும் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். திறந்தவுடன் விட்ட இடத்திலேயே இருப்பது அதனால்தான். பேட்டரி தீர்ந்தால் குடங்கள் வடிந்துவிடும். தீரும் முன்பே ரேமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டு அணைந்துபோகும் ஏற்பாடு விண்டோஸில் உண்டு. ஆனால் என் எட்டு வயதுப் பேட்டரி, பாதி சார்ஜ் காட்டும்போதே பட்டென்று விழுந்துவிடக் கூடியது. எழுதுவதற்கு நேரம் கிடைக்கவில்லை.

டிஸ்கில் எழுதிவிட்டு அணைவதற்குப் பெயர் 'ஹைபர்னேட்'. ரேமில் என்ன எப்படி இருந்ததோ அதை அப்படியே டிஸ்கில் ஒரு பெரிய கோப்பாக எழுதிவிடும். அதன்பின் பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் கவலையில்லை. ஆன் செய்தால் அந்தக் கோப்பைத் திரும்ப ரேமில் பரப்பும். எழுந்து வரக் கொஞ்சம் நேரம் கூடுதலாகும். புயல் எச்சரிக்கை வந்தால் ஹைபர்னேட் கொடுங்கள், அல்லது எல்லாவற்றையும் சேவ் செய்து அணைத்துவிடுங்கள். ஸ்லீப் என்பது களத்தில் நெல்லை விட்டுவிட்டுக் காவலுக்கு ஆள் போட்டது போலத்தான்.

வேகக் கணக்கு

2019-ல் அந்த லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். விண்டோஸ் எழுந்து வர மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட மெஷின் அரை நிமிடத்தில் வந்தது. ரேம் அதே 2 ஜிபிதான்.

வேகத்தை இப்படி வைத்துப் பாருங்கள். ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறக்குறைய 100 நானோ விநாடி. சுற்றுகிற ஹார்ட் டிஸ்கில், முனை சரியான இடத்துக்கு நகர்ந்து படிக்க 10 மில்லி விநாடி வரை ஆகும். ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். ரேமிலிருந்து எடுக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்க ஒரு நாளைக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே இல்லை, எல்லாம் சிப். அதிலிருந்து எடுக்க ஏறக்குறைய 0.1 மில்லி விநாடி. நம் கணக்கில் அது பதினேழு நிமிடம். ஒரு நாள் காத்திருந்தது பதினேழு நிமிடமாகக் குறைந்தால் பெரிய நிம்மதி, சரி. ஆனாலும் களத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதற்கு ஈடாகாது. ரேமுக்கு இவ்வளவு பாடுபடுவது இதற்காகத்தான்.

அப்புறம் ஐந்தாவது. 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக வேலை செய்கிறது.

வாங்குபவர்களுக்கு

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் கேட்கிறார்கள், ஆனால் அதில் நிம்மதியாக வேலை செய்ய முடியாது. 8 ஜிபியில் ஆரம்பிக்கலாம். சேமிப்பு எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் பிறகு வெளியே ஒரு டிஸ்க் மாட்டிக்கொள்ளலாம், பத்தாயத்தை எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம். ரேம் அப்படியில்லை. பல லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கடையில் முதலில் கேட்க வேண்டியது: "ரேம் பின்னால் கூட்ட முடியுமா? காலி ஸ்லாட் இருக்கா?"

அவள் கேட்டு, ஸ்லாட் உள்ளதாகவே வாங்கிவந்தாள். அன்று சாயங்காலம் திண்ணையில் வைத்துக் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். டாஸ்க் மேனேஜர் வந்தது. அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி என்ற இடத்தில் 3.4 ஜிபி என்று காட்டியது. பிரவுசரில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்துகொண்டே போனாள், எண் ஏறிக்கொண்டே போய் 6-ஐத் தாண்டியது. எல்லாவற்றையும் மூடினாள், இறங்கியது. பிறகு கோப்புகள் பக்கம் போய் சி டிரைவில் எவ்வளவு காலி என்று பார்த்தாள். ஏறக்குறைய முன்பு இருந்த அளவேதான். "இது பத்தாயம்" என்று அவளாகவே சொன்னாள்.